யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு

"அம்மாவைப் பார்க்க ஒரு ஆள் இருந்தால் சொல்லுங்கோ." இந்தக் கேள்வியைக் கோயிலடியிலும் கேட்கிறோம், பாமசி வாசலிலும் கேட்கிறோம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்க, பெற்றோர் கோண்டாவிலிலோ காரைநகரிலோ பெரிய வீட்டில் தனியே இருக்கிறார்கள். 2012 குடிசனக் கணக்கெடுப்பிலேயே இலங்கையில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். இதைவிடப் போரில் கால் இழந்தவர்களும், முள்ளந்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு காலமும் அவர்களைப் பார்த்துவந்த தாய்மாருக்கே இப்போது பார்க்க ஆள் வேண்டிய வயது வந்துவிட்டது.

ஆக, வேலைக்குக் குறைவில்லை. வேலை தெரிந்தவர்கள்தான் குறைவு. சமைக்கத் தெரியும், பொறுமை இருக்கிறது என்ற இரண்டை மட்டும் நம்பிப் போகிறவர்கள் நாரிப்பிடிப்போடு வீட்டுக்குத் திரும்புகிறார்கள், இல்லையென்றால் அங்கே படுத்திருக்கிறவருக்குப் படுக்கைப் புண் வந்துவிடுகிறது. இரண்டையும் தடுக்கலாம். இது கைப்பழக்கமும் அறிவும் வேண்டிய தொழில், படித்துத்தான் போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள்

மலம், சலம், சத்தி, சளி எல்லாம் இந்த வேலையில் தினமும் வரும். முதலில் எல்லாருக்கும் அருவருப்பு இருக்கும், பழகப் பழகப் போய்விடும், அது பெரிய விடயமில்லை. பெரிய விடயம் என்னவென்றால், ஒரே கதையைப் பத்தாவது முறை கேட்கும்போது முகம் சுளிக்காமல் இருக்க முடியுமா, இரவில் மூன்று தரம் எழும்ப முடியுமா, கோபம் வரும்போது அறையை விட்டு வெளியே போய் நின்றுவிட்டு வர முடியுமா என்பதுதான். உங்கள் சொந்தக்காரர் யாராவது படுக்கையில் இருந்தால் ஒரு கிழமை அவர்களோடு போய் நின்று பாருங்கள். ஏற்கெனவே நாரி நோவோ குடலிறக்கமோ இருந்தால் படுக்கையில் கிடக்கிறவரைத் தூக்கிப் பார்க்கும் வேலையை எடுக்காதீர்கள். நடமாடக்கூடிய, ஆனால் துணை தேவைப்படுகிற முதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அங்கே போகலாம்.

ஆண்களுக்கு ஒரு சொல். இது பெண்கள் செய்யும் வேலை என்று ஒதுங்க வேண்டாம். உடம்பு பெருத்த ஐயாமாரைக் குளிப்பாட்ட ஆண் துணை தேடி அலைகிற குடும்பங்கள் ஏராளம், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட இளைஞர்களும் ஆண் ஒருவர் உதவிக்கு வருவதைத்தான் பெரும்பாலும் விரும்புகிறார்கள்.

பயிற்சியும் கடுதாசிகளும்

இலங்கையில் பராமரிப்பாளர் வேலைக்குத் தேசிய தொழிற் தகைமை இருக்கிறது, என்விகியூ என்று எல்லாரும் சொல்வது. மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைற்றா போன்ற அரச நிறுவனங்களிடம் கேட்கலாம். தனியார் நிலையம் என்றால் காசு கட்டுவதற்கு முன் அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்றதா, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். நிலையம் பதிவில் இருக்கும், பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்காது, அப்படியும் நடக்கிறது. ஏற்கெனவே பல வருடமாக இந்த வேலை செய்கிறவர்கள் திரும்ப வகுப்பில் இருக்கத் தேவையில்லை, முன் அனுபவத்தைக் காட்டிச் சோதனை கொடுத்துச் சான்றிதழ் எடுக்கும் வழி இருக்கிறது.

முதியோருக்கான தேசிய செயலகமும் வீட்டுப் பராமரிப்பு உதவியாளர்களைப் பயிற்றும் வேலையில் இருக்கிறது. அதன் விபரம் உங்கள் பிரதேச செயலகத்தில் கிடைக்கும். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன; உங்களுடையதில் சமூக சேவை உத்தியோகத்தர் யார் என்று கேட்டு நேரில் போய்ப் பேசுங்கள். பயிற்சிக்கு மட்டுமில்லாமல், பின்னால் நீங்கள் பார்க்கப் போகிறவருக்கு முதியோர் அடையாள அட்டை, உதவிப்பணம், சக்கர நாற்காலி என்று எது தேவைப்பட்டாலும் அவரிடம்தான் போவீர்கள். முதலுதவியைச் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன்ஸ் அம்புலன்ஸிலோ படிக்கலாம். செயற்கைக் கால், ஊன்றுகோல், சக்கர நாற்காலி சம்பந்தமாக யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தைத் தெரிந்து வைத்திருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் நற்சான்று, முடிந்தால் பொலிஸ் சான்றிதழ், தெரிந்த இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். கூடவே மஞ்சட்காமாலை பி தடுப்பூசி. மூன்று ஊசி, ஆறு மாதத்தில் முடியும். இரத்தமும் இன்சுலின் ஊசியும் கையில் படுகிற வேலை, ஆகவே அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலையை ஏற்கும் முன் பேச வேண்டியவை

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள், பிறகு ஆறு மாதம் மனதுக்குள் புழுங்குகிறார்கள். கூச்சப்பட வேண்டாம். போன உடனேயே சம்பளத்தைக் கேட்காமல், படுத்திருக்கிறவரைப் போய்ப் பாருங்கள், அவரோடு கதையுங்கள், நாள் முழுக்க என்னென்ன உதவி தேவை என்று வீட்டாரிடம் கேளுங்கள், அதற்குப் பிறகு சம்பளத்துக்கு வாருங்கள்.

தங்கி நிற்பதா, வந்து போவதா? தங்கி நின்றால் உங்களுக்கென்று படுக்க இடம் எங்கே? இரவில் எழும்ப வேண்டி வந்தால் பகலில் எப்போது படுப்பது? கிழமைக்கு ஒரு நாள் லீவு என்றால் அன்றைக்கு யார் நிற்பார்? சமையல் அவருக்கு மட்டுமா, விடுமுறைக்கு வந்து நிற்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்தா? வளவு கூட்டுவது, தென்னோலை இழுப்பது, ஆடு மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது யாருடைய வேலை? சம்பளம் எத்தனையாம் திகதி, கையிலா வங்கியிலா? இவ்வளவையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி, நீங்களும் வீட்டாரும் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இதற்கே முகம் கோணுகிற வீட்டில் நாளைக்கும் முகம் கோணும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். வேலைக்கு வருகிறவருக்குத் தனிக் கோப்பை வைக்கிற, குசினிக்குள் வர விடாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெற்ற தாயின் உடம்பை முழுக்க உங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணியை மட்டும் வேறு கோப்பையில் தருகிற வீட்டில் நிற்க வேண்டும் என்று உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. வேறு வீடு கிடைக்கும்.

நகையும் காசும் பற்றி: போன அன்றே காதில், கழுத்தில், கையில் என்ன இருக்கிறது என்று வீட்டார் ஒருவர் முன்னிலையில் எழுதி வையுங்கள். வங்கி அட்டையையும் அதன் இரகசிய இலக்கத்தையும் வாங்கவே வாங்காதீர்கள், அம்மாவே வற்புறுத்தினாலும். சாமான் வாங்கத் தரும் காசுக்குச் சின்னக் கொப்பி போட்டு பில்லை ஒட்டி வையுங்கள். காணி உறுதியோ கைநாட்டோ சம்பந்தப்பட்ட எந்தக் கதை நடந்தாலும் சாட்சியாக நிற்க வேண்டாம்.

முதல் கிழமை

அவருடைய பழக்கத்துக்குள் நீங்கள் நுழைகிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது. விடிய எத்தனை மணிக்கு எழும்புவார், திருநீறு பூசிய பிறகுதான் தேத்தண்ணி குடிப்பாரா, ஜெபம் சொல்லுவாரா, எந்தக் காது கேட்கும், எந்தப் பக்கம் பார்வை குறைவு, பல் கழற்றி வைப்பாரா. கேட்டு எழுதுங்கள். அம்மா, ஐயா, ஆச்சி, ரீச்சர், மாஸ்ரர் என்று ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பச்சைப்பிள்ளையிடம் கதைப்பது போல "வாயைத் திறவுங்கோ பாப்பம்" என்று கொஞ்சாதீர்கள், பல பேருக்கு அது வலிக்கிறது.

அவரால் செய்ய முடிந்ததை அவரே செய்யட்டும். சேர்ட் பொத்தானைப் பூட்ட ஐந்து நிமிடம் எடுத்தாலும் பூட்டட்டும். நீங்கள் பூட்டினால் வேலை முடியும்தான், ஆனால் கொஞ்ச நாளில் அந்த விரல்கள் அந்த வேலையையே மறந்துவிடும்.

பாரிசவாதம் வந்தவருக்கு உடுப்புப் போடுவதை எடுத்துக்கொள்வோம். போடும்போது ஏலாத கைதான் முதலில். சேர்ட்டின் கையை நீங்கள் வெளியிலிருந்து சுருட்டிப் பிடித்து, உள்ளே உங்கள் கையை விட்டு அவருடைய விரல்களை மெல்லப் பிடித்து, தோள்வரை ஏற்றிவிட வேண்டும். பிறகு சேர்ட்டை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோனால் நல்ல கையை அவரே விட்டுக்கொள்வார். கழற்றும்போது இதற்கு எதிர்மாறு, நல்ல கை முதலில். ஏலாத கையைப் பிடித்து இழுத்து ஒருபோதும் எழுப்பக் கூடாது. அந்தத் தோள்மூட்டைப் பிடித்துவைக்கத் தசையில் பலம் இல்லை, ஒரு இழுவையில் விலகிவிடும், பிறகு மாதக்கணக்கில் நோ. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது கதிரையை அவருடைய நல்ல பக்கத்தில் வையுங்கள். முதலில் கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் இருத்துங்கள், ஏனென்றால் பிறசர் குளிசை குடிக்கிறவர்களுக்குச் சடாரென்று எழும்பினால் தலைசுற்றும். நீங்கள் முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, அவரை உங்கள் உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். முதுகை வளைத்துத் தூக்கினால் உங்கள் நாரி போய்விடும். தனியாக முடியாத ஆளென்றால் இரண்டாவது ஆள் வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள்.

படுக்கைப் புண்

படுக்கையில் கிடக்கிறவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இடது, நிமிர்வு, வலது என்று ஒரு தாளில் நேரம் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எலும்பு துருத்தும் இடங்களை உடம்பு கழுவும்போது ஒவ்வொரு நாளும் பாருங்கள்: நடு முதுகின் அடி, இடுப்பு, குதிக்கால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை. எங்காவது சிவந்தோ கறுத்தோ இருந்தால் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்தும்போது வெளிறித் திரும்பச் சிவந்தால் இன்னும் தப்பிக்கலாம், நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, ஆகவே சூடாகவோ கடினமாகவோ இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவோ எண்ணெய் போட்டு உருவவோ கூடாது, அது உள்ளே கூடுதலாகச் சிதைக்கும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் வேண்டாம். அந்த இடத்தில் பாரம் படாமல் திருப்பி வைத்து, அன்றைக்கே டொக்டரிடமோ தாதியிடமோ காட்டுங்கள். குதிக்காலுக்கு எளிய வழி, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதியை அந்தரத்தில் விடுவது. காற்று மெத்தை இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும்.

பம்பர்ஸ் நனைந்தால் உடனே மாற்றுங்கள், பைக்கற் விலையை நினைத்து நாளுக்கு இரண்டு என்று வீட்டார் கணக்குச் சொன்னால் புண் வந்த பிறகு ஆகும் செலவை எடுத்துச் சொல்லுங்கள். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னுக்குத்தான் துடைக்க வேண்டும். கழுவும்போது கழுவாத பகுதியைத் துவாயால் மூடி வையுங்கள், கதவைச் சாத்துங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்யுங்கள். கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி வார்த்துக் குளித்த ஆட்கள் அவர்கள். ஈரத்துணியால் துடைப்பதைக் குளிப்பாக அவர்கள் எடுப்பதில்லை, முடிந்தால் கதிரையில் இருத்திக் கிழமைக்கு இரண்டு தரமாவது தண்ணீர் வாருங்கள்.

சாப்பாடும் குளிசையும்

நிமிர்ந்து இருத்தித்தான் ஊட்ட வேண்டும், சாப்பிட்டு அரை மணித்தியாலம்வரை படுக்க விடக் கூடாது. பாரிசவாதக்காரருக்கு ஏலாத பக்கக் கன்னத்துக்குள் சோறு தங்கும், ஒவ்வொரு சில வாய்க்கும் பாருங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ, குடித்த பிறகு குரல் நனைந்த மாதிரிக் கரகரத்தாலோ அது நுரையீரலுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு டொக்டரிடம் சொல்லுங்கள். புட்டு இவர்களுக்குச் சரிவராது, உதிர்ந்து தொண்டையில் சிக்கும். சொதியில் நன்றாகக் குழைத்த இடியப்பமோ கெட்டியான கஞ்சியோ நல்லது.

குளிசையில் எங்கள் ஊரில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று இருக்கிறது. அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் லொசார்ட்டன் என்ற பெயரில் பிறசருக்குக் குளிசை கொடுப்பார்கள், பிறகு வெளியில் தனியார் டொக்டரிடம் காட்டியபோது அதே மருந்தை வேறு கொம்பனிப் பெயரில் எழுதியிருப்பார், அம்மா இரண்டையும் ஒன்றாகக் குடித்துக்கொண்டிருப்பார். போன முதல் நாளே வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக் கொப்பியோடு டொக்டரிடமோ பாமசிக்காரரிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ கூடாது. எல்லாக் குளிசையையும் இடிக்கவும் கூடாது, சிலது வயிற்றில் மெல்லக் கரைய என்றே செய்யப்பட்டவை.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

1990 இலக்கத்தைப் போனில் பதியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை, 2018 முதல் வடக்கிலும் இருக்கிறது. வீட்டு விலாசத்தையும் பக்கத்துக் கோயில் அல்லது பள்ளிக்கூடப் பெயரையும் எழுதிப் போனுக்கு அருகில் ஒட்டுங்கள், பதற்றத்தில் ஒழுங்கை பெயரே வாயில் வராது. தீவுப் பகுதியில் நிற்கிறவர்கள் படகு நேரத்தையும், இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

வாய் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல், இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் பாரிசவாதம்தான் என்று எடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தார் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடலாம் என்பதால் டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

நீரிழிவுக்காரர் திடீரென வியர்த்து, நடுங்கி, உளறினால் சீனி பார்க்கும் மானியில் 70 இற்குக் குறைவா என்று பாருங்கள். மானி இல்லையென்றாலும் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், குறைவாகவே இருந்தால் இன்னொருமுறை. தெளிந்ததும் சாப்பாடு. மயங்கிவிட்டால் வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது, சரித்துப் படுக்க வைத்து 1990.

நேற்றுவரை தெளிவாக இருந்த ஆச்சி இன்றைக்குத் திடீரெனச் சம்பந்தமில்லாமல் பேசினால் வயது போய்விட்டது என்று விடாதீர்கள், பல நேரம் சலத்தில் கிருமியோ தண்ணீர் போதாமையோதான் காரணம், மருந்தெடுத்தால் திரும்பிவிடுவார். மாரியில் காய்ச்சல் வந்தால் டெங்கு என்ற எண்ணம் இருக்க வேண்டும். பனடோல் மட்டும், டிஸ்பிரினோ புருபனோ கொடுக்க வேண்டாம். இருதயத்துக்கு ஏற்கெனவே அஸ்பிரின் குடிக்கிறவர் என்றால் அதை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மறதி நோய் உள்ளவர் இருக்கும் வீட்டில் முதல் நாளே கிணற்றைப் பாருங்கள். கட்டு உயரமா, மூடி இருக்கிறதா, இரவில் படலை பூட்டப்படுகிறதா. செத்துப்போன கணவரைத் தேடினால் "அவர் செத்துப் பல வருடமாச்சு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாக அழுவார். அவரைப் பற்றிக் கதை கேளுங்கள், அது போதும். திருவிழா வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போக முயல்கிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் போய் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிகளோடு

இங்கே முதியவர் பராமரிப்பைவிட ஒன்று முழுக்க வேறு: தன் உடம்பைப் பற்றி அவருக்கு உங்களைவிடக் கூடத் தெரியும். அவர் சொல்கிறபடி செய்வதுதான் வேலை. கேட்காமல் சக்கர நாற்காலியைத் தள்ளாதீர்கள். நாற்காலியில் நாள் முழுக்க இருக்கிறவர் அடிக்கடி உடம்பைத் தூக்கியோ முன்னுக்குச் சாய்ந்தோ பாரத்தை எடுக்க வேண்டும், நினைவூட்டுங்கள். சலக்குழாயின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் தொடவும் கூடாது.

நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குத் திடீரெனக் கடுமையான தலையிடி, முகம் சிவந்து வியர்வை வந்தால் அது உயிராபத்து. பிறசர் எகிறுகிறது. உடனே நிமிர்த்தி இருத்துங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள், சலக்குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அடைபட்ட சலமோ மலமோதான் காரணம். குழாயைச் சரிசெய்தும் குறையாவிட்டால் ஆஸ்பத்திரி.

வெளிநாட்டுப் பிள்ளைகளும் நீங்களும்

தினமும் ஒரே நேரத்தில் நாலு வரிச் செய்தி அனுப்புங்கள்: சாப்பாடு, வயிறு, நித்திரை, மனநிலை. ரொரன்ரோவில் இருக்கிறவர் நடுச்சாமம் பயந்து எடுக்கும் போன்கள் பாதியாகக் குறையும். அரைகுறை உடுப்போடு, குழாயோடு இருக்கும் படத்தை டொக்டர் கேட்டால் ஒழிய யாருக்கும் அனுப்பாதீர்கள், முகநூலில் போடவே கூடாது. வீட்டில் கமரா இருந்தால் எங்கே எங்கே என்று கேட்டுவிடுங்கள். கழுவும் இடத்திலும் நீங்கள் படுக்கும் இடத்திலும் இருக்கக் கூடாது. அண்ணன் ஒன்று தங்கை ஒன்று சொன்னால் நடுவில் நிற்காதீர்கள், தீர்மானம் எடுப்பவர் யார் என்று ஒருவரை அவர்களே தெரிவு செய்யட்டும்.

பெண்கள் கவனிக்க: வீட்டில் யாராவது தவறாகக் கை வைத்தால், அது மறதி நோயுள்ளவராக இருந்தாலும், அன்றைக்கே குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். நோயால் செய்கிறவர் என்றால் ஆண் உதவியாளரை வைக்கச் சொல்லலாம், மற்றவர் என்றால் அந்த வீட்டை விட்டு வெளியேறுங்கள்.

கொஞ்ச வருட அனுபவமும் சான்றிதழும் கையில் வந்த பிறகு இஸ்ரேலுக்கோ வேறு நாட்டுக்கோ பராமரிப்பு வேலைக்குப் போகலாமா என்று யாராவது கேட்பார்கள். போகலாம். ஆனால் முகவர் பெயரைச் சொல்லி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் அனுமதி இருக்கிறதா என்று விசாரிக்கும்வரை கடவுச்சீட்டையும் கொடுக்காதீர்கள், முற்பணமும் கொடுக்காதீர்கள்.